கோகிலா என்ன கலர்

மூக்கில் ஆரம்பிப்பதுதான் சாருமதியின் வழக்கம். மூக்கு சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். ஆனால் இந்த மூக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மூக்கே இல்லை, வெறும் சாம்பல் கட்டங்கள், பாத்ரூம் தரைக்கு டைல்ஸ் பதித்த மாதிரி. சின்னதாக்கினால் உடனே அவள். கல் மூக்குத்தியும், இழுத்துப் பின்னிய தலையும், கேமராக்காரன் சொன்னதற்காக மட்டும் லேசாகத் தூக்கிய மோவாயுமாகக் கோகிலா. திருஞானத்தின் முதல் சம்சாரம். ரோகிணியைப் பெற்றவள். அந்தக் குழந்தைக்கு மூன்று வயது நிரம்புவதற்குள் மஞ்சள் காமாலையில் போனவள், போன பிறகு ஒருநாள்கூட இந்த வீட்டை விட்டு வெளியே போகாதவள். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் முட்டி வலி வந்து, குரல் உடைந்து, பக்கத்து வீட்டுக்காரியோடு குப்பைத்தொட்டிக்காகச் சண்டை போட்டு, எல்லாரும் போல ஒரு பொம்பளை ஆகியிருப்பாள். செத்ததில் அவளுக்கு எவ்வளவு லாபம். சாருமதி மௌஸை மேஜையில் தட்டினாள். அதுவும் சில நேரம் அம்பு நகராமல் அடம் பிடிக்கும், தட்டினால்தான் புத்தி வரும். தை பிறந்ததும் ரோகிணிக்குக் கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் பட்டுத்துணி போட்ட நாற்காலி, நாற்காலி மேல் இந்தப் போட்டோ, போட்டோவுக்கு மாலை. அதற்கு முன்னால் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல். தாலியோடு போய்ச் சேர்ந்தவளுக்குப் புதுப் புடவை, பூ, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கல்யாண வேலையைத் தொடுவார்கள் இந்தக் குடும்பத்தில். அதற்கும் இதே போட்டோதான். கறுப்பு வெள்ளையாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சாருமதி கேட்டதற்கு, அம்மாவைக் கலர்ல பாக்கணும் சித்தி, ஒரே ஒரு தடவை, என்றாள் ரோகிணி. பஜார் ஸ்டுடியோவில் கொடுத்துப் பார்த்தாள் முதலில். அவன் உதட்டில் சாயம் அப்பி, கன்னத்தில் ரோஸ் அடித்து, கண்ணுக்கு மை வேறு இழுத்து, தெருக்கூத்துக்குக் கிளம்பின பொம்பளையாக்கிக் கொடுத்தான். பெண் அதைப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். அப்புறம்தான் சித்தி ஞாபகம் வந்தது. பெண்களுக்குப் பாதி ஃபீஸ் என்று போர்டு போட்டபோது கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ச் சித்தி கற்றுக்கொண்டது எதற்கு, தெருவில் இருக்கிற ஜனங்களின் காது குத்தல் போட்டோவுக்கெல்லாம் பின்னால் தாஜ்மகால் வைத்துக் கொடுப்பதற்கா?

நான் செய்கிறேன் என்று சொன்னபோது தன் குரல் ஏன் அத்தனை இனிப்பாக வந்தது என்று சாருமதி இப்போது யோசித்தாள். ஏன் என்று தெரியாமல் என்ன. சொம்பு. தாரை வார்க்கிறபோது பெண்ணின் பக்கத்தில் நின்று சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் விடுகிற கை யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சோறு போட்ட கை, தலை வாரிவிட்ட கை, அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடின கை இங்கே மௌஸ் மேல் கிடக்கிறது. ஆனால் ஆரணியிலிருந்து கோகிலாவின் அக்கா சுலோச்சனா வந்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பெத்தவ இல்லாத எடத்துல கூடப் பொறந்தவதாம்மா நிக்கணும், எங்க வூட்டுக்காரரும் நானும் நின்னு வாத்துடறோம், ரெண்டாங்கல்யாணம் கட்டிக்கினு வந்தவ நின்னா பொண்ணுக்கு ஆகாது, நான் சாருவ ஒண்ணும் கொறையா சொல்லல, என்றாள். குறையாகச் சொல்லவில்லையாம். திருஞானம் செய்தித்தாளுக்குள்ளிருந்து, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க, என்றார். பேங்கில் லோன் கேட்டு வருகிறவனுக்குச் சொல்கிற அதே பதில். ரோகிணி நகத்தைக் கடித்தாள். யோசிக்கிறாள். அந்த யோசனையின் மேல்தான் சாருமதிக்கு எல்லாமே. இன்னொரு குழந்தை வேண்டாம், இதுவே போதும், இதுக்கு மனசு கஷ்டமாயிடும் என்று திருஞானம் கல்யாணமான புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார். ஆகவே இந்த ஒரு மணவறைதான், இந்த ஒரு சொம்புதான், இது போனால் போனதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் ரசம் வரவில்லை என்று கத்துகிற பொம்பளையாக, பெண் வீட்டில் யாரோ ஒரு கறுத்த அம்மாளாக, அன்றைக்கு முழுக்கத் திரிய வேண்டியதுதான். கான்வென்டில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோது மாதாவின் வசனம் முழுவதும் மனப்பாடம் அவளுக்கு. யாரும் சொல்லாமலே படித்து வைத்திருந்தாள். மாதாவாக நின்றது ஜெனிஃபர், ஒரு வரிகூட ஒழுங்காக வராது, ஆனால் பால் கலர். ஸிஸ்டர் பெர்னதெத்துக்கு மூளை உண்டு. ஜெனிஃபரை மேடையில் நிறுத்தி வாயை அசைக்கச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் சாருமதியை நிற்க வைத்து வசனத்தைப் பேசச் சொன்னார்கள். உன் இங்கிலீஷ் தேன் மாதிரி இருக்கிறது, குழந்தாய், என்றார்கள். கைதட்டல் திரைத்துணியைத் தாண்டி வந்தபோது எப்படி இருந்தது என்றால், பக்கத்து வீட்டில் பொரிக்கிற அப்பளத்தின் வாசனை மாதிரி.

சரி, மூக்கைப் பிறகு பார்க்கலாம், புடவையை முடி. கறுப்பு வெள்ளைக்கு மேல் கண்ணாடித் தாள் விரிக்கிற மாதிரி ஒரு லேயரை விரித்து அதில்தான் கலர் பூச வேண்டும், அப்போதுதான் அடியிலிருக்கிற மடிப்பும் நிழலும் மேலே தெரியும். அரக்குப் பட்டு, மாம்பழ பார்டர் என்று சுலோச்சனா சொல்லியிருந்தாள். அரக்கைப் போட்டாள். புடவை குப்பென்று உயிர் பிடித்தது. அந்தச் சந்தோஷத்தை மட்டும் சாருமதியால் மறைக்க முடியவில்லை, எதிரியின் புடவையாக இருந்தாலும் கலர் ஏறுகிற நிமிஷம் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு பூ. பிறகு பொட்டு. பொட்டில் பிரஷ்ஷைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிறுத்தினாள். குங்குமப் பொட்டு கறுப்பு வெள்ளையில் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கலர் போட்டுவிட்டு இதை மட்டும் மறந்துவிட்டால்? பூவாடைக்காரி கறுப்புப் பொட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஆம்பளைகள் யாருக்கும் தெரியாது. பொம்பளைகள் ஒவ்வொருத்தியும் பார்ப்பாள், பார்த்துவிட்டு இன்னொருத்தியின் காதில் சொல்லுவாள். இந்த யோசனை வாயில் போட்ட கல்கண்டு மாதிரி மெல்ல மெல்லக் கரைந்தது. கரைந்த பிறகு பொட்டுக்குச் சிவப்பு வைத்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகச் சொம்பை இழக்க அவள் முட்டாள் இல்லை. மிச்சம் இருப்பது முகம், கழுத்து, கை. அங்கேதான் சனி. தோலுக்குக் கலரைக் கற்பனையில் எடுக்கக் கூடாது, பொம்மை மாதிரி ஆகிவிடும், ஒரு நிஜ மனுஷரின் கலர் போட்டோவில் கன்னத்தின் மேல் சொட்டுக்குழாய் மாதிரி இருக்கும் அந்தக் குறியை வைத்து உறிஞ்சி எடுத்து இங்கே விட வேண்டும். யார் கன்னம்? கோகிலா என்ன கலர்? இது ஒரு கேள்வியா, இந்த வீட்டுச் சுவரைக் கேட்டால்கூடச் சொல்லும். தந்தம். தங்க விக்கிரகம். வெத்திலை போட்டா தொண்டையில சாறு எறங்கறது தெரியும். சாருமதி இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்த அன்று, ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சுலோச்சனா பக்கத்திலிருந்தவளிடம், தாழ்ந்த குரல் என்று நினைத்துக்கொண்டு சொன்னது: நெலா இருந்த எடத்துல அமாவாசை வந்து நிக்குது பாரு. அன்றிலிருந்து அமாவாசை தோசை வார்க்கிறது, அமாவாசை துணி மடிக்கிறது, அமாவாசை ஸ்கூல் ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கிறது.

பேங்க் லீவு, பக்கத்து அறையில் திருஞானம் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அவள் போய் வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க. கோகிலா என்ன கலரு?"

"ம்?"

"போட்டோவுக்குக் கலர் போடறேன் இல்ல. தோலு. என்ன கலர் போட?"

அவர் கண்ணைத் திறக்காமலே யோசித்தார். "நல்ல கலர்தான்."

"நல்ல கலர்னா? உங்க கலரா, உங்களை விடவா?"

"இன்னும் கொஞ்சம்... ஆங். நல்லா இருப்பா."

"என்னை மாதிரி இல்ல."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? அவளோட உனக்கு என்ன போட்டி?" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகில் பனியன் மேலேறி ஒரு வெள்ளைப் பட்டை சதை தெரிந்தது. வெயிலே படாத சதை. இந்த முதுகை அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், எதைக் கேட்டாலும் அவருடைய பதில் இந்த முதுகுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனசில் எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும்தான். அந்த எரிச்சலில்தான் அது நடந்தது. அவரையே சேர்த்து வைத்துப் பார்ப்போமே என்று, வெட்டி எறிந்திருந்த பாதிப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். அசல் போட்டோவில் கல்யாணக் கோலத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், கோகிலாவுக்காக அவரை நறுக்கியிருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாம்பல். அவர் முகம் வெளிர்ச் சாம்பல். கோகிலாவின் முகம்? அதைவிட நல்ல கருஞ்சாம்பல். நிழல் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். நிழல் எங்கே, வெளிச்சம் நேராக மூஞ்சியில் அடித்திருக்கிறது, மூக்குத்திக் கல்கூட மின்னுகிறது. தன் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தாள், திருத்தணி கோயில் மண்டபத்தில் எடுத்தது, அது கலர், அதிலும் இதே மனுஷன் இதே முழி முழித்துக்கொண்டு நிற்கிறார். அதிலிருந்த கலரை உருவினாள். ஒரே ஒரு அழுத்தல்தான், அவளும் சாம்பல், அவரும் சாம்பல். இரண்டு படத்தையும் ஒட்டி வைத்தாள். இரண்டு படத்திலும் திருஞானம் ஒரே சாம்பல். கோகிலாவின் கன்னத்திலிருந்து ஒரு துண்டு, சாருமதியின் கன்னத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். எது யாருடையது என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், அடுத்த அறையில் முதுகு தூங்குகிறது. தந்தமாம். விக்கிரகமாம். தார் ரோடு, அடியே, நீயும் தார் ரோடு. கான்வென்டில் ஒன்றாய்ப் படித்திருந்தால் உன்னையும் திரைக்குப் பின்னால்தான் நிறுத்தியிருப்பார்கள், இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி இடித்துக்கொண்டு, ஒரே புத்தகத்தைப் பார்த்து மாதாவின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு. எல்லாரும் எப்படிப் பொய் சொன்னார்கள்? பொய்கூட இல்லை அது, அதுதான் இன்னும் மோசம். நம்பினார்கள். செத்தவள் வருஷத்துக்கு ஒரு பூச்சு வெளுத்துக்கொண்டே வந்திருக்கிறாள், சுலோச்சனா ஒரு தடவை சொல்லும்போது ஒரு பூச்சு, எதிர்வீட்டம்மாள் ஒரு பூச்சு, புதிதாக வந்தவள் கறுப்பு என்பதால் ஒரு பூச்சு. சாருமதி இந்த வீட்டுக்குள் நடமாட நடமாட, அவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, கோகிலா சிவந்துகொண்டே போனாள். புருஷனுக்கு ஞாபகமே இல்லை. கட்டிப் படுத்தவனுக்கு அவள் கலர் தெரியவில்லை. இதற்குப் போய் எத்தனை வருஷம் பொறாமைப்பட்டு வயிறெரிந்து, கடவுளே, எவ்வளவு தோசையைக் கருக விட்டிருக்கிறாள்.

அப்புறம் ரோகிணியின் கன்னத்தை எடுத்தாள். வேறு யார் கன்னத்தை எடுப்பது, பெற்ற பெண், ரத்தம். நிச்சயதார்த்தப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு லட்டு ஊட்டிக்கொண்டிருக்கிற ரோகிணியின் கன்னத்தில் குறியை வைத்து உறிஞ்சி, இந்தக் கன்னத்தில் விட்டாள். எப்போதும் விட்டதும் ஒட்டாது, கொஞ்சம் மஞ்சளைக் குறைத்து, கொஞ்சம் சிவப்பைக் கூட்டி, அரை மணி மல்லுக்கட்டினால்தான் தோல் தோலாகும். இது விழுந்த உடனே உட்கார்ந்துகொண்டது. நெற்றி, மூக்கு, அந்த வராத மூக்கு, மேல் உதட்டின் பள்ளம், கழுத்து. சாருமதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையில் ரோகிணி உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, மூக்குத்தி போட்டுக்கொண்டு, கறுப்பாக, கறுப்பு என்றால் மழையில் நனைந்த கல் மாதிரி பளபளவென்ற கறுப்பாக. அழகாக இருந்தாள், சனியன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பெண்ணைத்தான் அப்பாவும் செவப்பு, அம்மாவும் செவப்பு, உன்னை மட்டும் தவிட்டுக்கு வாங்கினோம்டீ என்று கல்யாண வீடுகளில் உட்கார வைத்துச் சிரித்தார்கள். அது சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தேங்காய் நாரால் கையைத் தேய்க்கும். எட்டாவது படிக்கும்போது எவளோ சொன்னாள் என்று ஏதோ கிரீமை வாங்கிப் பூசி முகமெல்லாம் கொப்புளம், தூங்க முடியாமல் அழுதது, சாருமதிதான் தயிரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். சித்தி, எங்கம்மா கலர் எனக்கு ஏன் வரல? உங்கப்பாவைப் போய்க் கேளு. கேட்டிருக்காது. ஒரு வார்த்தை போதும் இப்போது. வா, வந்து பார், உங்கம்மா கலர் உனக்கு வந்திருக்கிறது, மயிரிழைகூட மாறாமல் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு ஆயுசு பூரா அந்தப் பெண் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிற மூட்டையை ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடலாம். சாருமதிக்குக் கண் கரித்தது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேமி என்கிற இடத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். இதே பெண் ஒன்பதாவதில் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, உங்கம்மாவாடி என்று கேட்ட சிநேகிதியிடம், சீ, இல்ல, சித்தி, எங்கம்மா வேற கலர், என்றது. சீ என்றது. தான் எந்தக் கலரில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. சாருமதி அன்றைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்த முறுக்கை அந்தச் சிநேகிதிக்கும் கொடுத்தாள். அம்பு அங்கேயே நின்றது. அழுத்தவில்லை. அழுத்தலாம், அழுத்தாமல் இருக்கலாம். தனக்கு இப்படி ஒரு அதிகாரம் வாழ்க்கையில் வேறு எப்போதும் வாய்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

போன் அடித்தது. சுலோச்சனாதான். கழுகுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"இன்னா சாரு, தூங்கிட்டியா?"

"இல்லக்கா, போட்டோதான் பண்ணிட்டிருக்கேன்."

"அதுக்குத்தாம்மா பண்ணேன். பாத்துப் போடு. எங்க கோகிலாவ ஊரே பாத்திருக்குது. நீ பாட்டுக்கு உன் கையப் பாத்துப் போட்டுடப் போற, உன் கலர்ல வந்துடப் போவுது." ஒரு சிரிப்பு. பின்னால் வேறு யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். "வெளையாட்டுக்குச் சொன்னேன், மனசுல வெச்சுக்காத."

"எனக்குத் தெரியாதாக்கா உங்களை."

"ரோகிணி சொன்னா, சித்தி ஆசையா செய்றாங்க, போட்டோ எப்டி வருதுன்னு பாத்துட்டு அப்பறம் பேசலாம் பெரீம்மான்னு. எதப் பேசறதுன்னு கேட்டேன். சொம்பு விசயம்தான். எனக்கு ஒண்ணுமில்ல தாயி, என் தங்கச்சி மூஞ்சி கெட்டுப்போவாம வந்தா சரி."

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதுக்குள் ஈ மாதிரி சுற்றியது. பார்த்துவிட்டுப் பேசலாம். ஆக, பரீட்சை. ஆக, இந்தக் கறுப்பு மூஞ்சிதான் அவள் விடைத்தாள். சாருமதி நிஜத்தைப் போட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருத்தர் முகமாக ஓட்டிப் பார்த்தாள். சுலோச்சனா மார்பில் அடித்துக்கொள்வாள், அய்யோ எங்க கோகிலாவ என்ன கோலம் பண்ணி வெச்சிருக்கா பாருங்க, வயித்தெரிச்சல் புடிச்சவ, செத்தும் வுடலியே. திருஞானம், என்ன சாரு இது, என்பார், அவ்வளவுதான், முதுகு. அவள் சாம்பலைக் காட்டுவாள், இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள், பாருங்கள், இது அளந்தது, இது கம்ப்யூட்டர் சொல்கிறது என்பாள். யாரும் சாம்பலைப் பார்க்க மாட்டார்கள். கலரைப் பார்ப்பார்கள், கலர் போட்ட கையைப் பார்ப்பார்கள். கறுத்தவள் ஒருத்தி இன்னொருத்தியைக் கறுப்பு என்று சொன்னால் அது பொறாமை. இதே போட்டோவைச் சிவப்பான ஒருத்தி எடுத்து வைத்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். ரோகிணி? ரோகிணிக்குப் புரியும். புரியுமா? முதலில் சீ என்று சொல்லிவிட்டுப் பிறகு புரிந்துகொள்வாளா, அல்லது சீ என்பதோடு நின்றுவிடுமா? கல்யாணம் முடிந்து, ஒரு குழந்தை பிறந்து, அதுவும் கறுப்பாகப் பிறந்து, அப்போது ஒருநாள் புரியலாம். அன்றைக்குச் சொம்பு இருக்காது. நல்லது செய்தால் கெட்டவள். கெட்டது செய்தால் அம்மா. இப்படி ஒரு கணக்கை எந்த ஸிஸ்டரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் விடை உடனே வந்துவிட்டது.

கலரை மட்டும் மாற்றினால் போதாது. மேலே எவ்வளவு பாலை ஊற்றினாலும் அடியில் கிடக்கிற சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும், நோய்க்காரி மாதிரி ஒரு வெளுப்பு வரும். சாம்பலையே வெளுக்க வேண்டும். கீழ் லேயருக்குப் போனாள். வெளிச்சத்தைக் கூட்டுகிற பட்டையைப் பிடித்து வலது பக்கம் நகர்த்தினாள். கோகிலா கொஞ்சம் வெளுத்தாள். இன்னும் நகர்த்தினாள். மேல் உதட்டின் பள்ளம் முதலில் போயிற்று, பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த சின்ன மேடு, பிறகு மூக்கின் ஓரம். ரோகிணியிடம் இருக்கிற அதே மூக்கு கரைந்து எங்கேயோ போய் மூக்குத்தி மட்டும் அந்தரத்தில் நின்றது. அதற்கு ஒரு மூக்கை வரைந்து கொடுத்தாள். கூர்மையான மூக்கு. கூர்மையாக இருந்தாள் என்றுதானே சொல்வார்கள். கலருக்கு யாருடைய கன்னம் என்று தேடி, பத்திரிகையிலிருந்து எடுத்து வைத்திருந்த நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணிடமிருந்து உறிஞ்சினாள். சூடான பாலில் குங்குமப்பூ போட்ட கலர். அதை விட்டதும் சுலோச்சனாவின் தந்தம், எதிர்வீட்டம்மாளின் விக்கிரகம், எல்லாரும் சேர்ந்து வருஷக்கணக்காகச் செய்த பொம்பளை, திரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் போகிற நேரம், அதற்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே அவசரம்தான், வெந்த சாதத்தை வடிக்கிற அவசரம். கழுத்து, தோள், புடவைக்கு வெளியே தெரிகிற முழங்கை. வெளுக்க வெளுக்க ஒரு மாதிரி ருசி பிடித்தது. உன்னைக் கொல்லுகிறேன் பார், என்று ஒரு குரல் சந்தோஷமாகச் சொன்னது. காமாலை பாதிதான் கொன்றது, மிச்சத்தை நான் கொல்லுகிறேன், எல்லாரும் எனக்கு நன்றி சொல்லப்போகிறார்கள். சேமி. பழையதன் மேலேயே எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்காவது கேட்கத் தோன்றியது. ஆமாம் என்று அழுத்தினாள்.

கேட் திறந்தது, செருப்பைக் கழற்றி வீசுகிற சத்தம், ரோகிணி ஆபீஸ் பையோடு நேராக இந்த அறைக்கு வந்து சாருமதியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சாருமதி திரும்பிப் பார்க்கவில்லை, திரையின் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலாவின் வெள்ளை முகத்துக்கு மேல், நிழல் மாதிரி, இன்னொரு முகம். அந்த நிழல் முகம் அசைந்தது, வாயைக் கோணியது, அழுதது.

"அம்மா," என்றாள் ரோகிணி திரையைப் பார்த்து. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாரும் சொல்லுவாங்க இல்ல, அப்படியே இருக்காங்க சித்தி. எப்படி சித்தி? நீங்க பாத்ததுகூட இல்லையே."

"சொன்னதை வெச்சுப் போட்டேன்."

"பெரீம்மா கண்டபடி பேசினாங்க. நீங்க வேணும்னே கெடுத்துடுவீங்கன்னு. நான் சண்டையே போட்டேன்." பின்னாலிருந்து கை வந்து சாருமதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஈரக் கன்னம் அவள் கன்னத்தில் ஒட்டியது. ஒரே கலர்க் கன்னம், உள்ளே அவள் பல்லைக் கடித்து அழுகையை அடக்குவதுகூடத் தெரிந்தது. "தாரை வாக்கறப்போ நீங்கதான் நிக்கணும். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். பெரீம்மா கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்."

சாருமதிக்குக் காது அடைத்தது. கிடைத்துவிட்டது. இவ்வளவுதானா? கைதட்டல் எங்கிருந்தோ வந்தது, இந்த முறை துணியைத் தாண்டி வரவில்லை, நேராக முகத்தில் அடித்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், கையை மட்டும் தட்டிக்கொடுத்தாள், சரி சரி, மூஞ்சியைக் கழுவு, காபி போடறேன் என்றாள். ரோகிணி போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கிற மாதிரி ஒரு குழைவு வந்தது குரலில்.

"சித்தி, இன்னொண்ணு செய்யணும். மண்டப வாசல்ல வெக்க பேனர் அடிக்கிறாங்க இல்ல. நிச்சயதார்த்தப் போட்டோ குடுக்கப் போறேன். உள்ள வந்தா நாற்காலில அம்மா இருப்பாங்க, வாசல்ல நான் கரியா நின்னா, ஜனங்க என்ன சொல்லும், இதுவா அதோட பொண்ணுன்னு."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லுவாங்க. பொறந்ததுலேருந்து சொல்லிட்டுத்தான இருக்காங்க." சிரித்தாள். பழகின சிரிப்பு, கல்யாண வீட்டுச் சிரிப்பு. "அம்மா கன்னத்துலேருந்து கலர எடுத்து எனக்குப் போட முடியுமா? எடுப்பீங்களே, அந்தச் சொட்டுக்குழாய் மாதிரி ஒண்ணு. அம்மா கலரே எனக்கு. ஒரு நாளைக்காவது."

இப்போது சொல்லிவிடலாம். வாய் திறந்தது, நிஜமாகவே திறந்தது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. ரோகிணி, என்றாள். என்ன சித்தி, என்றாள் அவள். பெரிய கண், சாம்பலில் பார்த்த அதே கண், மேல் உதட்டில் அதே பள்ளம், உலகத்தில் இனி அது இந்த ஒரு முகத்தில் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம். கல்யாணம் முடியட்டும், சொல்லலாம். சொம்பைக் கீழே வைத்த பிறகு சொல்லலாம்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள் சாருமதி, "கை இடிக்குது."

நிச்சயதார்த்தப் போட்டோவைத் திறந்தாள். கோகிலாவின் கன்னத்தில் குறியை வைத்து உறிஞ்சினாள். லட்டு ஊட்டிக்கொண்டிருக்கிற பெண்ணின் முகத்துக்கு வந்து, முதலில் அடியில் இருப்பதை வெளுக்கப் பட்டையைப் பிடித்து நகர்த்தினாள். பக்கத்தில் ரோகிணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறவள் மாதிரி, மோவாயை லேசாகத் தூக்கிக்கொண்டு.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

நகர்த்தினாள். "இப்ப?"

"இன்னும், சித்தி. இன்னும்."